பக்கத்தில் மல்பெரி இருந்தால் பெவேரியா தெளிக்கலாமா?

நண்பரே, வாழையில் கிழங்குக் கூன்வண்டு. 'இயற்கை மருந்துதானே' என்று பெவேரியா பேசியானா என்ற பூஞ்சை மருந்தைத் தெளிக்கப் பார்க்கிறீர்கள். வரப்பைத் தாண்டினால் பக்கத்துக்காரர் பட்டுப்புழுவுக்கு இலை பறிக்கும் மல்பெரித் தோட்டம். கேட்டது நல்லதாயிற்று. தெளிக்காதீர்கள்.

அந்தப் பூஞ்சையின் கதையே பட்டுப்புழுவில்தான் தொடங்குகிறது. பட்டுப்புழுவைக் கொல்லும் நோய்க்கு இதுதான் காரணம் என்று 1835-இல் காட்டியவர் இத்தாலியின் அகோஸ்தினோ பாஸி. 'பேசியானா' என்ற பெயரும் அவரால் வந்ததுதான். பூஞ்சையின் வித்து புழுவின் தோலில் ஒட்டி, துளைத்து உள்ளே பெருகும். செத்த புழு முதலில் விறைக்கும், அப்புறம் மேலெல்லாம் வெள்ளை மாவு பூத்துச் சுண்ணாம்புக்கட்டி மாதிரி ஆகிவிடும். அந்த மாவு முழுக்க வித்துகள். இலையோடு வளர்ப்பு மனைக்குள் போய், காற்றிலும் ஈரம் இருந்துவிட்டால், பக்கத்துக்காரரின் ஒரு வளர்ப்பே போய்விடலாம்.

உங்கள் வண்டு இலையிலா இருக்கிறது, தெளிப்பதற்கு? தார் வெட்டிய மரத்தின் தண்டை ஒன்றரை அடித் துண்டாக்கி, நெடுக்காகப் பிளந்து, வெட்டுப்பக்கம் தரையில் படும்படி மரத்தடியில் வையுங்கள். வாசத்துக்கு வண்டு வந்து அடையும். காலையில் புரட்டி, பொறுக்கி, சோப்புத் தண்ணீரில் போடுங்கள். வெட்டுப்பக்கத்தில் பெவேரியா பூசுவதும் உண்டு. உங்கள் இடத்தில் நான் பூசமாட்டேன். புதுக்கன்று நடும்போது கிழங்கைச் சீவிப் பாருங்கள், துளை இருந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

'சரி, அப்படியானால் மெட்டாரைசியம் வாங்குங்கள்' என்று கடையில் சொல்லக்கூடும். அதுவும் ஒரு பூஞ்சைதான், பட்டுப்புழுவையும் தாக்கும்.