‘சின்ன அளவுதானே?’ – கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளி இரவில் மலைச்சரிவுகளில் எழும் வெளிச்சங்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை நண்பர்கள் ஐந்து பேரும் சேர்ந்து படித்தோம். நாங்கள் கோத்தகிரிப் பக்கத்தவர்கள். ஒருவர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார், ஒருவர் ஜீப் ஓட்டுகிறார், ஒருவர் வேதியியல் பட்டதாரி. மாலையில் பேக்கரியில் உட்கார்ந்தால், ஆண்டு முழுவதும் எங்கள் பேச்சு பட்டாசைப் பற்றித்தான். வானில் நீல நிறம் ஏன் அரிதாக இருக்கிறது, சில புஸ்வாணங்களில் மட்டும் பொறி ஏன் பூவாகப் பிரிகிறது என்று மணிக்கணக்கில் விவாதிப்போம். வெளிநாடுகளில் பொழுதுபோக்காகவே வாணம் செய்பவர்களின் காணொளிகளைப் பார்ப்போம்.

இப்போது அது பேச்சோடு நிற்கவில்லை. “சின்ன அளவுதானே, ஒரே ஒரு புஸ்வாணம் செய்து பார்ப்போம்” என்கிறார் பட்டதாரி நண்பர். வெள்ளித் தூள் ஒரு பொட்டலமும் வேறு இரண்டு உப்புகளும் வாங்கி வீட்டுப் பரணில் வைத்திருக்கிறார். இன்னும் எதையும் கலக்கவில்லை. இதைக் கேட்டதிலிருந்து என் மனைவி என்னோடு சரியாகப் பேசுவதில்லை. வெளிநாடுகளில் அனுமதிக்கப்படும் பொழுதுபோக்கு இங்கே மட்டும் ஏன் தவறாக வேண்டும்? இப்படிப் பேசிக்கொண்டிருப்பதே தவறா? வேதியியல் ஆசிரியராக இருந்தவர் என்பதால் உங்களிடம் கேட்கிறேன்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோத்தகிரி

அன்புள்ள தம்பிக்கு,

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேசுங்கள், கலக்காதீர்கள். உங்கள் பேச்சில் எந்தத் தவறும் இல்லை. பள்ளி ஆய்வகத்தில் முப்பது ஆண்டுகள் சுடர்ச் சோதனை செய்துகாட்டியவள் நான். ஒரு சிட்டிகை உப்பு நீலச் சுடரைச் சிவப்பாக்கும் கணத்தில் பிள்ளைகளின் முகத்தில் தோன்றும் வியப்பை எத்தனை முறை பார்த்தும் எனக்கு அலுக்கவில்லை. அந்த வியப்பை வேலைக்குப் போன பிறகும் இழக்காத ஐந்து பேர் ஒரு பேக்கரி மேசையில் கூடுகிறார்கள் என்பது எனக்கு மகிழ்ச்சியான செய்தி. ஆனால் பரணில் இருக்கும் பொட்டலத்தைப் பற்றிப் படித்ததும் கடிதத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் வாசலில் நின்றேன். உங்கள் மனைவியின் கோபம் முழுக்க நியாயமானது.

“சின்ன அளவுதானே” என்ற சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். விறகு எரிவதற்கு வெளியிலிருந்து காற்று வேண்டும். அதனால்தான் அதை மூடி அணைக்க முடிகிறது. வாணக் கலவை தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. ஒரு மூலையில் பற்றினால் மறுமூலைக்குத் தீ போய்ச் சேரும் நேரம், மனிதக் கை பின்வாங்கும் நேரத்தைவிடக் குறைவு. இதில் அளவு குறையும்போது ஆபத்தும் அதே விகிதத்தில் குறைந்துவிடுவதில்லை. மூட்டையைக் கண்டால் தள்ளி நிற்கிறவர், கரண்டியளவு வெடிமருந்தென்றால் முகத்தைக் கவிழ்த்து விரல் நுனியில் வைத்துக்கொண்டு வேலை செய்கிறார். அளவு சிறுக்கச் சிறுக்க உடம்பு நெருங்கிப் போகிறது.

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, குன்னூரில் தீபாவளிக்கு மறுநாள் காலை, என் பெரியம்மா மகன், நான் அண்ணா என்று கூப்பிடுபவர், வெடிக்காமல் கிடந்த பட்டாசுகளைப் பொறுக்கிப் பிரித்து மருந்தைச் செய்தித்தாளில் கொட்டிவைத்திருந்தார். அந்தக் காலத்துப் பையன்கள் எல்லோரும் செய்ததுதான். காகிதத்தில் பரவியிருந்ததை ஒன்றுசேர்ப்பதற்காகப் பழைய பிளேடு ஒன்றால் வழித்தார். யாரும் தீக்குச்சி கிழிக்கவில்லை. அருகில் அடுப்பும் இல்லை. வெளிச்சம் வந்தது, பிறகு நாற்றம் வந்தது, அதற்கும் பிறகுதான் அவர் கத்தினார். மருந்து ஒரு தேக்கரண்டிகூட இருந்திருக்காது. அவருக்கு இன்று அறுபத்தேழு வயது. வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காது, சட்டைப் பொத்தானை இடது கையால்தான் போட்டுக்கொள்கிறார். ‘மருந்துக் கலவையின்போது ஏற்பட்ட உராய்வு காரணமாக’ என்று நாளிதழில் அச்சாகும் வரியை ஒவ்வொரு முறை படிக்கும்போதும் எனக்கு அந்தப் பிளேடின் ஓசை கேட்கிறது.

உராய்வோடு நம் மலைக்கே உரிய இரண்டு தீங்குகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சமவெளியில் எடுக்கப்பட்ட காணொளிகள் இவற்றைச் சொல்வதில்லை. முதலாவது, நம் குளிர்காலம். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை, உறைபனி இறங்கும் இரவுகளில், காற்று வறண்டிருக்கும்போது விளக்கை அணைத்துவிட்டு ஸ்வெட்டரைக் கழற்றிப் பாருங்கள். தலைமுடியோரம் சடசடவென்று நீலப் பொறிகள் பறக்கும். நீலகிரியில் வளர்ந்த எந்தக் குழந்தையும் அதைப் போர்வைக்குள் ஒரு விளையாட்டாகச் செய்திருக்கும். கதவுப் பிடியைத் தொடும்போது விரலில் சுருக்கென்று உணரப்படும் பொறியின் மின்னழுத்தம் சில ஆயிரம் வோல்ட். அந்தச் சுருக் நமக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் நுண்ணிய உலோகத் தூள் கலந்த சில கலவைகளுக்கு அது போதும். கம்பளியும் செயற்கை இழையும் அணியாமல் அந்த மாதங்களில் இங்கே வீட்டுக்குள் யாரும் உட்கார முடியாது.

இரண்டாவது, நம் மூடுபனி. ஈரம் இருந்தால் தீ பிடிக்காது, அதனால் மலையில் ஆபத்துக் குறைவு என்று படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். இது முற்றிலும் தவறு. நீங்கள் வெள்ளித் தூள் என்று எழுதியிருப்பது அநேகமாக அலுமினியத் தூள். மாவைப் போல் பொடியான அலுமினியம் ஈரத்தோடு சேர்ந்தால் மெல்ல வினைபுரிந்து வெப்பத்தை வெளிவிடும். உப்புகளோடு கலந்து கிடக்கும்போது அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் உள்ளுக்குள் ஏறிக்கொண்டே போய், யாரும் தொடாமலே பற்றிக்கொள்வது உண்டு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கோத்தகிரியில் துவைத்த துணி நான்கு நாள் ஆனாலும் காய்வதில்லை. ஓட்டுக் கூரைக்கும் பரணுக்கும் இடையிலேயே பனி நுழைந்து உட்காருகிறது. வறண்ட மாதங்களில் ஒரு வகை, ஈர மாதங்களில் ஒரு வகை. இந்த வேலைக்கு ஏற்ற பருவம் என்று நம் மலையில் ஒன்று இல்லை. சிவகாசியில் இத்தொழில் வேரூன்றியதற்கு அந்த மண்ணின் வறட்சியும் மழைக் குறைவும் பெரிய காரணம்.

அந்தச் சிவகாசியிலும் கலவை எப்படி நடக்கிறது என்பதை உங்கள் நண்பர் அறிய வேண்டும். மருந்து அறைகள் ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டுத் தனித்தனியாகக் கட்டப்படுகின்றன, ஓர் அறையில் குறிப்பிட்ட சிலருக்கு மேல் இருக்கக்கூடாது, பருத்தி ஆடைதான், தரையில் ரப்பர் விரிப்பு, உடம்பிலுள்ள மின்னேற்றம் இறங்குவதற்காக உள்ளே நுழைவதற்கு முன் செம்புத் தகட்டைத் தொட வேண்டும், கலவையை வெயில் ஏறுவதற்கு முன் முடித்துவிட வேண்டும், கலந்த மருந்தை மறுநாளைக்கு மிச்சம் வைக்கக்கூடாது. இத்தனை விதிகளும் ஒவ்வொன்றாக, யாரோ இறந்த பிறகு எழுதப்பட்டவை. விதிகள் மீறப்பட்ட இடங்களில் என்ன நடந்தது என்பதும் நமக்குத் தெரியும். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஒரே ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் உதவி செய்ய ஓடி வந்தவர்கள். தலைமுறையாக மருந்தைக் கையாண்ட ஊரே இவ்வளவு அஞ்சி நடக்கும்போது, காணொளியில் கற்றதை நம்பிப் பரணுக்குக் கீழே உட்காருவது அந்தத் தொழிலாளர்களின் அறிவையும் மதிக்காத செயல் என்று நான் நினைக்கிறேன். நம் மாவட்டத்திலேயே குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவில் அருவங்காட்டில், ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வெடிமருந்துத் தொழிற்சாலை இயங்குகிறது. மலை ரயிலில் போகும்போது அதன் வேலியைப் பார்த்திருப்பீர்கள். அந்த வேலி எவ்வளவு நீளம் என்பதை அடுத்த முறை கவனியுங்கள்.

வெளிநாட்டு ஒப்பீட்டுக்கு வருகிறேன். அமெரிக்காவில் 1969 முதல் பொழுதுபோக்கு வாணக்காரர்களின் சங்கம் ஒன்று இயங்குகிறது, ஆண்டுதோறும் கூடுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்களுக்குப் பின்னால் ஆள் நடமாட்டமில்லாத பரந்த வெளிகள் இருக்கின்றன, சேமிப்பு விதிகள் இருக்கின்றன, புதியவரைப் பக்கத்தில் நின்று கண்டிக்கும் மூத்தவர்கள் இருக்கிறார்கள். காணொளியில் பத்து நிமிடம் தெரியும், அந்த ஏற்பாடு தெரியாது. நம் நாட்டில் 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் 2008-ஆம் ஆண்டு விதிகளும் உரிமம் இல்லாமல் எந்த அளவிலும் பட்டாசு தயாரிப்பதை அனுமதிப்பதில்லை. 15 கிலோ வரையிலான சிறு தயாரிப்புக்கும் மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற வேண்டும், அந்த உரிமம் குடியிருக்கும் வீட்டுக்குத் தரப்படுவதில்லை. சட்டத்தை ஒரு புறம் வைத்துவிட்டுப் பார்த்தாலும், நம் மலையில் அப்படியொரு வெளி எங்கே இருக்கிறது? தேயிலைக்கு நடுவே தொழிலாளர்களின் லயன் வீடுகள், அவற்றுக்குப் பின்னால் சோலை, அதற்கு மேல் உறைபனியில் கருகிக் காய்ந்த புல். பிப்ரவரியில் ஒரு பொறி விழுந்தால் ஒரு மலைமுகடே எரியும். தேயிலைக்குள் மேய்ந்துகொண்டிருக்கும் காட்டெருமை வெடிச் சத்தத்தில் மிரண்டு வீட்டு வாசல் வழியாகப் பாய்வதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

இனி உங்கள் பேச்சுக்கு வருகிறேன். எனக்கு இதைப் பற்றித்தான் நிறைய எழுத ஆசை. நீலம் ஏன் அரிது என்று கேட்டீர்கள். வாணத்தின் நிறம் பெரும்பாலும் சுடரில் கணநேரம் உருவாகும் மூலக்கூறுகளிலிருந்து வருகிறது. ஸ்ட்ரான்சியமும் குளோரினும் சேர்ந்தது சிவப்பு, பேரியமும் குளோரினும் சேர்ந்தது பச்சை, செம்பும் குளோரினும் சேர்ந்தது நீலம். கடைசியாகச் சொன்னது சூடு தாங்காதது. சுடர் பிரகாசமாக ஒளிர வெப்பம் வேண்டும், வெப்பம் ஏறினால் நீலம் தரும் மூலக்கூறு உடைந்து நிறம் வெளிறிவிடும். போதாததற்கு, எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கும் துளி சோடியம் தன் மஞ்சளால் எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும். அதனால்தான் ஆழ்ந்த நீலத்தை ஒரு வாணத்தில் கொண்டுவருவது கைதேர்ந்தவர்களுக்கும் சவாலாக இருக்கிறது. புஸ்வாணத்தில் பொறி பூவாகப் பிரிவது இரும்புத் தூளில் இருக்கும் கரியால். எரியும் துகளுக்குள் கரி வாயுவாக மாறித் துகளையே வெடித்துக் கிளைக்க வைக்கிறது.

இந்த நிறங்கள் எல்லாம் மிகப் புதியவை என்பதையும் உங்கள் மேசைக்குக் கொண்டுபோங்கள். 1443-இல் விஜயநகரத்துக்கு வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக் மகாநவமி விழாவில் வாணவேடிக்கையைக் கண்டதாக எழுதிவைத்தார். அவர் கண்டது தீயின் இயல்பான பொன்னிறமும் வெண்மையும் சார்ந்த வெளிச்சமாகவே இருந்திருக்க வேண்டும். 1780-களில் பிரான்சில் பெர்த்தோலே பொட்டாசியம் குளோரேட்டைத் தயாரித்த பிறகுதான், அடுத்த நூற்றாண்டில் வானம் சிவப்பும் பச்சையும் ஆனது. அந்த வண்ணத்தைக் கொடுத்த அதே உப்புதான் கந்தகத்தோடு சேர்ந்தால் லேசான உராய்வுக்கே பற்றிக்கொள்வது. இந்திய அரசு 1992-இல் அந்தச் சேர்க்கையைப் பட்டாசில் தடை செய்தது. பேரிய உப்புகளை உச்ச நீதிமன்றம் 2018-இல் விலக்கியது.

இந்தத் தீபாவளிக்கு ஒரு வேலை தருகிறேன். பழைய குறுந்தகடு ஒன்றை எடுத்து, ஒரு அட்டைப் பெட்டியின் ஒரு முனையில் மெல்லிய பிளவும் மறுமுனையில் குறுந்தகட்டின் துண்டும் பொருத்தினால், ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் எளிய நிறமாலைக் கருவி கிடைக்கும். செய்முறையைப் பட்டதாரி நண்பர் அறிவார். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையில் பாதுகாப்பான ஒரு வளைவில் நின்றால், ஆயிரம் மீட்டருக்கும் கீழே ஒரு நகரம் முழுவதும் விடும் வாணங்கள் உங்கள் காலடியில் ஓசையின்றி மலர்வதைக் காணலாம். வாணத்தை மேலிருந்து குனிந்து பார்க்கும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்! வாணங்கள் கண நேரத்தில் மறைந்துவிடும் என்பதால், முதலில் அருகில் எரியும் மத்தாப்பிலும் புஸ்வாணத்திலும் பிளவைத் திருப்பிப் பழகிக்கொள்ளுங்கள். 589 நானோமீட்டரில் சோடியத்தின் மஞ்சள் கோடு எல்லாவற்றிலும் நிற்கும். சிவப்புப் பட்டைகள் ஸ்ட்ரான்சியம். பக்கத்துச் சரிவிலிருந்து எழும் வெடிகளுக்கு, வெளிச்சத்துக்கும் ஓசைக்கும் இடையிலுள்ள வினாடிகளை எண்ணுங்கள். மூன்று வினாடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்.

பரணில் இருப்பவற்றை இந்த வாரமே இறக்கிவிடுங்கள். எதையும் கலக்கவோ எரித்துத் தீர்க்கவோ சாக்கடையில் கொட்டவோ வேண்டாம். பொட்டலங்களைத் தனித்தனியாக, ஈரம் படாமல், அடுப்பிலிருந்து தள்ளி வைத்துவிட்டு, கோத்தகிரி தீயணைப்பு நிலையத்தில் நேரில் போய்ச் சொல்லி அவர்கள் சொல்கிறபடி ஒப்படையுங்கள். ஏதேனும் ஏற்கெனவே கலந்திருந்தால் (நண்பர் உங்களிடம் சொல்லத் தயங்கியிருக்கலாம்), அதைத் தொடாமல், அசைக்காமல், வீட்டிலுள்ளவர்களை வெளியே அழைத்துக்கொண்டு வந்த பிறகு தீயணைப்பு நிலையத்தை அழையுங்கள். இந்தப் பதிலை உங்கள் மனைவியிடமும் காட்டுங்கள். தீபாவளிக்குப் பிறகு நீங்கள் பார்த்த கோடுகளை எனக்கு எழுதுங்கள். அவற்றில் நீலம் ஏதேனும் தென்பட்டதா என்று அறியக் காத்திருப்பேன்.

அன்புடன்