வழித்துணை: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: நானும் என் தோழியும் ஓசூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இரண்டு வருஷம் கான்ட்ராக்டில் வேலை பார்த்தோம். பதினோரு மாதத்துக்கு ஒரு முறை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். இந்தத் தடவை நாங்களே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டோம். ஆளுக்கு 70,000 ரூபாய் கையில் இருக்கிறது. அக்டோபரில் நேபாளம் போய் அன்னபூர்ணா சர்க்யூட் நடக்க ஆசை. இதுவரை ஏறியது பர்வதமலையும் கொல்லிமலைப் படிகளும்தான். எங்களால் முடியுமா?
– இரு தோழிகள், ஓசூர்

பதில்: முடியும். பர்வதமலை ஏறிய கால் அங்கேயும் ஏறும். காலைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. உங்கள் இருவருக்கும் நடுவில் நடக்கப்போகும் பேச்சைப் பற்றித்தான் விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றுகிறது.

2017-இல் நான் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். என் தோழி ஒப்பந்த செவிலியர். 'அடுத்த வருஷம் நிரந்தரம்' என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு, அந்த செப்டம்பரில் இருவரும் வேலையை விட்டோம். சென்னையிலிருந்து ரயிலில் கோரக்பூர், அங்கிருந்து சுமார் 100 கி.மீ. பஸ்ஸில் சுனௌலி எல்லை, நடந்தே நேபாளத்துக்குள் நுழைந்து, மறுபடி பஸ்ஸில் பொக்ரா. நீங்கள் கேட்கும் அதே சர்க்யூட்தான்: பேசிசஹாரில் தொடங்கி, சாமே, பிசாங், மனாங் வழியாக ஏறி, 5,416 மீட்டரில் தொராங் லா கணவாயைத் தாண்டி, அந்தப் பக்கம் முக்திநாத்தில் இறங்குவது.

கையில் இருந்த பணம் குறைவு. நாட்களை மிச்சம் பிடித்தால் பணம் மிச்சம் என்று கணக்குப் போட்டு, சாமே வரை ஜீப்பில் போய்விட்டோம். அதாவது 800 மீட்டரிலிருந்து 2,670 மீட்டருக்கு ஒரே நாளில். மறுநாள் பிசாங். அதற்கு மறுநாள் 3,540 மீட்டரில் மனாங். அங்கே இரண்டு இரவு தங்க வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரே இரவு தங்கிவிட்டுக் கிளம்பினோம். நான்காம் நாள் மாலை யாக் கர்க்காவில், 4,000 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே, ஒரு லாட்ஜின் சாப்பாட்டு அறையில் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம்.

அவள் முன்னால் பூண்டு சூப். கரண்டியை அதில் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருந்தாள். வாய்க்குக் கொண்டுபோகவே இல்லை. மேலே ஆடை கட்டிவிட்டது. "என்னடி?" என்றேன். "ஒண்ணுமில்ல, தூக்கம் வருது" என்றாள். இரவு பதினொரு மணிக்கு எழுந்து வெளியே ஓடினாள். வாந்தி. ஒரு மணிக்கு மறுபடியும். பாராசிட்டமால் போட்டும் தலைவலி அசையவில்லை. லாட்ஜ்காரர் எழுந்து வந்து, தரைப்பலகையின் ஒரு கோட்டைக் காட்டி, ஒரு காலின் விரல்நுனிக்கு முன்னால் மறு காலின் குதிகாலை ஒட்டி வைத்து, அடிமேல் அடியாக நடக்கச் சொன்னார். டார்ச் வெளிச்சத்தைத் தரையில் காட்டிக்கொண்டு நின்றேன். அவள் கோட்டை விட்டு விலகாமல் நடந்து முடித்தாள். தள்ளாடியிருந்தால் மூளையில் நீர் கோத்துக்கொள்கிறது என்று அர்த்தம், அந்த இருட்டிலேயே இறக்கியிருக்க வேண்டும் என்று அவர் பிறகு சொன்னார். விடிந்ததும் இறங்கினோம். ஒரு மணி நேரம் பேச்சே இல்லை. மனாங்கின் கல் வீடுகள் கண்ணில் பட்ட இடத்தில், "பிஸ்கட் இருக்கா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

மனாங்கில் ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷனின் மருத்துவ உதவி நிலையம் இருக்கிறது. சீசனில் உயரத்தில் வரும் நோயைப் பற்றி மதியம் வகுப்பும் எடுப்பார்கள். தவறாமல் போய் உட்காருங்கள். அங்கேதான், டாக்டர் கேட்கக் கேட்க, அவளுக்குத் தலைவலி பிசாங்கிலேயே தொடங்கிவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது. இரண்டு நாள் சொல்லவில்லை. நர்ஸ் வேறு, அவளுக்கு எல்லாம் தெரியும். ஏன் மறைத்தாய் என்று கேட்டேன். "நீ வேலைய விட்டுட்டு வந்திருக்க. என்னால உன் பயணம் கெடக் கூடாதுன்னு நெனச்சேன்" என்றாள்.

தங்கைகளே, இதைத்தான் நீங்கள் இருவரும் ரயில் ஏறுவதற்கு முன்பே பேசித் தீர்க்க வேண்டும். வேலையை விட்டுவிட்டு, சேர்த்த பணத்தை எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்குத் திரும்பி வருவது மிகவும் கஷ்டம். விடுமுறையில் போகிறவர் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்பார். நமக்கு அடுத்த வருஷம் எந்த வேலையில் இருப்போம், லீவு கிடைக்குமா என்பதே தெரியாது. அதனால் ஒருத்திக்காக ஒருத்தி வலியை விழுங்குவாள். உயரத்தில் அது உயிருக்கே ஆபத்து. தொராங் லாவில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதிதான்.

அந்த முறை நாங்கள் கணவாயைத் தாண்டவில்லை. மனாங்கிலிருந்து ஜீப் பிடித்து இறங்கிவிட்டோம். 2023 அக்டோபரில் இருவரும் மறுபடி போனோம். கிளம்பும்போதே பேசிக்கொண்டோம்: தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் தலைவலி, பசியின்மை, தூக்கமின்மை மூன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எண் சொல்ல வேண்டும், நோட்டில் எழுத வேண்டும், யாருடைய எண் மோசமோ அவள்தான் மறுநாளைத் தீர்மானிப்பாள், மற்றவள் வாதாடக் கூடாது. அந்த நோட்டு இப்போதும் என் மேசையில் இருக்கிறது. 'மனாங், இரண்டாம் இரவு. தலை: அவள் 1, நான் 3.' இந்த முறை நின்றது எனக்காக. மூன்றாவது இரவும் மனாங்கிலேயே தங்கினோம்.

சாமே வரை ஜீப்பில் போகாதீர்கள், கீழேயிருந்து நடங்கள். 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் இடம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. பிசாங்கிலிருந்து மனாங்குக்குக் கீழே ரோடு இருக்கிறது. அதை விட்டு கியாரு, நவால் ஊர்கள் வழியாக மேல் பாதையில் போங்கள். மூச்சு வாங்கும், ஆனால் உடம்பு பழகும். கியாருவில் ஏறி நின்றால் அன்னபூர்ணா-2 சிகரம் எதிரே முழுசாகத் தெரியும். உயரத்துக்கு உடம்பு பழக உதவும் டயமாக்ஸ் மாத்திரை வேண்டுமா என்பதை ஊரிலேயே டாக்டரிடம் கேளுங்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாது என்றால் கட்டாயம் சொல்லுங்கள். மாத்திரை போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் வேகமாக ஏறக் கூடாது.

நீங்கள் போவது அக்டோபர் என்பதால் இன்னொன்று. 2014 அக்டோபர் 12-இல் ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினத்தில் கரை கடந்தது. இரண்டே நாளில் அதன் மிச்சம் இமயமலையில் பனியாகக் கொட்டியது. தொராங் லாவிலும் சுற்றுவட்டாரத்திலும் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். நடப்பவர்களும் போர்ட்டர்களும் கைடுகளும் அதில் அடக்கம். ஐப்பசியில் புயல் செய்தி கேட்டே வளர்ந்தவர்கள் நாம். வங்கக் கடலில் புயல் சின்னம் என்று கேள்விப்பட்டால், மேலே வானம் எவ்வளவு நீலமாக இருந்தாலும் மனாங்கிலேயே உட்கார்ந்துவிடுங்கள். கணவாய் எங்கேயும் போகாது.

சாதாரண நாளிலும் பத்து மணிக்கு மேல் அங்கே காற்று எழும்பும். அதனால் கணவாயின் அடிவாரத் தங்குமிடமான தொராங் பேதியிலிருந்து விடியற்காலை நான்கு மணிக்கே கிளம்புவார்கள். தாண்டியபின் முக்திநாத் வரை 1,600 மீட்டர் ஒரே இறக்கம். ஏற்றத்தைவிட எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. இரண்டு கைக்கும் கோல் வேண்டும். கோல், ஸ்லீப்பிங் பேக், தடிமனான ஜாக்கெட் எல்லாம் பொக்ராவில் வாடகைக்குக் கிடைக்கும். ஷூ மட்டும் சொந்தமாக, ஊரிலேயே இரண்டு மாதம் போட்டு நடந்து பழகியதாக இருக்கட்டும்.

பணம்: 2023-இல் எங்களுக்கு ரயில், பஸ், கைடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 55,000 ஆயிற்று. பதினாறு நாள் நடை. பாக்கி 15,000-ஐத் தொடாமல் வையுங்கள். நாள் கூடினால் அதுதான் கைகொடுக்கும். எங்களை 2017-இல் அவசரப்படுத்தியது அந்தப் பணம் இல்லாததுதான். நமக்கு விசா வேண்டாம். பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை போதும், ஆதாரை மட்டும் நம்பிப் போகாதீர்கள். நமது ஒரு ரூபாய்க்கு அங்கே 1.60. அன்னபூர்ணா காப்புப் பகுதிக்குள் நுழைய சார்க் நாட்டவரான நமக்கு 1,000 நேபாள ரூபாய். பேசிசஹாரைத் தாண்டினால் ஏ.டி.எம்.-ஐ நம்ப முடியாது. மொத்தப் பணத்தையும் நேபாள நோட்டாக எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்குத் தால் பாத் சொல்லுங்கள். சோறும் பருப்பும் காயும் கேட்கக் கேட்கப் போடுவார்கள்.

கான்ட்ராக்டரிடம் விடுவிப்புக் கடிதமும் அனுபவச் சான்றும் வாங்கிவிட்டீர்களா? வாங்காமல் கிளம்பாதீர்கள். திரும்பி வந்து அலைவதைவிட இப்போது இரண்டு நாள் அலைவது எளிது.

கேள்வி: என் மகளும் அவள் சிநேகிதியும் இப்படி ஒரு பயணம் போகிறேன் என்கிறார்கள். தடுக்க மனமில்லை, அனுப்பவும் பயமாக இருக்கிறது.
– ஒரு தகப்பன், கோவில்பட்டி

பதில்: ஐயா, தடுக்க மனமில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காக உங்களை வணங்குகிறேன். என் அப்பா அப்போது என்னோடு மூன்று வாரம் பேசவில்லை.

2023 ஏப்ரல் 1 முதல் வெளிநாட்டவர் இந்தப் பாதைகளில் உரிமம் பெற்ற கைடோடுதான் போக வேண்டும் என்பது நேபாளத்தின் விதி. சில பாதைகளில் யாரும் கேட்பதில்லை என்று மகள் சொல்லக்கூடும். நீங்கள் விட்டுக்கொடுக்காதீர்கள். பெண் கைடே வேண்டுமென்றால், பெண்களைப் பயிற்றுவித்து வேலை தரும் 'த்ரீ சிஸ்டர்ஸ்' என்ற நிறுவனம் பொக்ராவில் 1990-களிலிருந்து இருக்கிறது. மனாங் பக்கம் நேபாள் டெலிகாம் சிம்தான் ஓரளவு எடுக்கும். கணவாய் தாண்டும் நாட்களில் சிக்னல் இருக்காது என்பதை இப்போதே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். எந்தெந்த ஊரிலிருந்து பேசுவாள் என்று ஒரு தாளில் எழுதி வாங்கி, நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். நாள் தவறினால் முதலில் கைடு கம்பெனிக்குப் போன் செய்யுங்கள்.

காப்பீடு அவசியம். பாலிசியில் எத்தனை மீட்டர் உயரம் வரை, ஹெலிகாப்டர் உண்டா என்று நீங்களே ஒரு முறை படியுங்கள். பல பாலிசிகளில் மலையேற்றமே விலக்கப்பட்டிருக்கும். எண்ணும் நகலும் உங்களிடம் இருக்கட்டும்.

கேள்வி: நண்பனோடு வெளிநாடு போய் வந்த பிறகு பணக் கணக்கில் மனஸ்தாபம். பத்து வருட நட்பு. என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், நாமக்கல்

பதில்: கணக்கில் எவ்வளவு வித்தியாசம் என்று நீங்கள் எழுதவில்லை. அது பெரிய தொகையாக இருந்தால் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நேரில் போய், "எனக்கு வருத்தம் இருக்கிறது, பணத்தால் இல்லை" என்று சொல்லுங்கள். எது வருத்தம் என்பதையும் சொல்லுங்கள். நானும் என் தோழியும் பொதுச் செலவுக்கு ஒரே சுருக்குப்பை வைத்துக்கொண்டோம். தீர்ந்ததும் ஆளுக்கு ஐயாயிரம் போடுவோம். யார் எத்தனை டீ குடித்தார்கள் என்று பார்த்ததில்லை.

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது. முக்திநாத் சேவிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. பொக்ராவிலிருந்து ஒரே நாளில் ஜீப்பில் கூட்டிப்போய்விடலாம் என்கிறார்கள். சரியா?
– ஒரு வாசகர், ஸ்ரீரங்கம்

பதில்: ஒரே நாளில் வேண்டாம். மேலே ஓசூர்த் தங்கைகளுக்கு எழுதியது அம்மாவுக்கும் பொருந்தும். பொக்ரா 800 மீட்டர், முக்திநாத் 3,700 மீட்டருக்கும் மேல். ஜீப்பில் உட்கார்ந்து போனாலும் உடம்பு ஏறத்தான் செய்கிறது. வழியில் மார்பாவிலோ ஜோம்சோமிலோ ஒரு இரவாவது தங்குங்கள், முடிந்தால் இரண்டு. மார்பா ஆப்பிள் விளையும் ஊர், வெள்ளையடித்த வீடுகள், அம்மாவுக்குப் பிடிக்கும். ஜோம்சோமில் மதியத்துக்கு மேல் காற்று மணலை வாரி அடிக்கும், காலையிலேயே கிளம்பிவிடுங்கள். இதய, ரத்த அழுத்த மாத்திரைகள் பற்றி அவருடைய டாக்டரிடம் கேட்டுக்கொண்டு போங்கள்.

பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய திருச்சாளக்கிராமம் இதுதான் என்று சேவிக்கிறார்கள். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. பௌத்தர்களுக்கும் புனிதத் தலம். 2023-இல் நாங்கள் கணவாயிலிருந்து இறங்கி, முழங்கால் நடுங்கக் கோயில் வாசலுக்கு வந்தபோது, பின்சுவரில் இருக்கும் 108 தாரைகளின் கீழ் மடிசார் கட்டிய ஒரு பாட்டி ஓடிக்கொண்டிருந்தார். தண்ணீர் தலையில் விழ விழ, ஒவ்வொரு தாரைக்கும் ஒரு 'நாராயணா'. கடைசித் தாரையில் நின்று எங்களைப் பார்த்து, "நீங்க எந்த வழியா வந்தேள்?" என்று தமிழில் கேட்டார். என் தோழி மேலே பனியைக் கை காட்டினாள்.

அந்தத் தண்ணீர் பனிக்கட்டி போலச் சில்லென்று இருக்கும். அம்மா தலையில் தெளித்துக்கொண்டால் போதும். காய்ந்த துண்டும் கம்பளித் தொப்பியும் உங்கள் கையிலேயே இருக்கட்டும், ஜீப்பில் வைத்துவிட்டு வராதீர்கள்.