குளத்தில் புரண்ட விமானம்: மீனவருக்கு இழப்பீடு உண்டா?

கேள்வி: நான் கிளிநொச்சி மாவட்டத்தில் குளத்து மீன்பிடி செய்பவன். மூன்று மாதத்துக்கு முன் ஒரு சுற்றுலாக் கம்பனியின் சிறிய விமானம் எங்கள் குளத்தில் இறங்கும்போது தலைகீழாகப் புரண்டது. மிதவைகளுக்குக் கீழே சக்கரங்கள் நீட்டிக்கொண்டிருந்ததைக் கண்டேன். இறக்கை அடித்து என் தோணி உடைந்தது, வலை கிழிந்தது, தோள் எலும்பு முறிந்தது. இன்னும் தண்டு வலிக்க முடியவில்லை. ஒன்றரை இலட்சம் தருகிறோம், இந்த ஆங்கிலத் தாளில் கையெழுத்து வையுங்கள் என்று கம்பனி ஆள் நிற்கிறார். விசாரணை அறிக்கை வரட்டும் என்கிறார் சங்கத் தலைவர். வழக்காடக் காசில்லை. என்ன செய்வது?

பதில்: முதலில், கையெழுத்து வைக்காதீர்கள். அப்படியான தாளில் பெரும்பாலும் 'இதற்குமேல் எந்த உரிமையும் கோரமாட்டேன்' என்ற வரி இருக்கும். வாசிக்கத் தெரியாமல் வைத்தேன் என்று பிறகு சொன்னாலும், ஏமாற்றப்பட்டதை நிரூபிக்காவிட்டால் நீதிமன்றம் இலகுவில் விடாது. காசு அவசரம்தான், எனக்கு விளங்குகிறது. 'பகுதிக் கொடுப்பனவு, என் உரிமைகளுக்குப் பாதகமின்றி' என்று தமிழில் எழுதிய பற்றுச்சீட்டுக்குச் சம்மதித்தால் வாங்குங்கள். சம்மதிக்காவிட்டால் அவர்களின் நோக்கம் தெரிந்துவிடும்.

தலைவர் நல்ல எண்ணத்தில் சொன்னாலும் அந்த யோசனை ஆபத்தானது. விமான விபத்து விசாரணை நடப்பது அடுத்த விபத்தைத் தடுக்கத்தான். யார் பிழை என்று தீர்ப்பளிக்க அல்ல. சர்வதேச நியமப்படி முதல் அறிக்கைக்கு 30 நாள், இறுதி அறிக்கைக்கு முடிந்தால் 12 மாதம். ஆனால் பெரும்பாலும் இழுபடும். உங்கள் கோரிக்கையோ தீங்கியல் வழக்கு, அதாவது ஒருவரின் பிழையால் வந்த நட்டத்துக்கு இழப்பீடு கேட்கும் வழக்கு. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு அதற்கு இரண்டு வருடம்தான் தருகிறது. கோரிக்கைக் கடிதம் அனுப்பினாலோ, பேச்சுவார்த்தை நடந்தாலோ அந்தக் காலம் நிற்காது. வழக்கைத் தாக்கல் செய்தால்தான் நிற்கும். மூன்று மாதம் ஏற்கெனவே போய்விட்டது.

இனி அந்தச் சக்கரம். தரையிலும் நீரிலும் இறங்கும் விமானங்களின் மிதவைக்குள் மடங்கும் சக்கரங்கள் இருக்கும். ஓடுபாதையென்றால் கீழே இறக்க வேண்டும், நீரென்றால் மேலே மடக்க வேண்டும். இறக்கிய சக்கரத்தோடு வேகமாக நீரைத் தொட்டால் சக்கரம் நீரில் பிடித்துக்கொள்ள, விமானம் மூக்குக் குத்திப் புரளும். இந்த வகை விமானங்களில் பலகாலமாக நடந்துவரும் விபத்து இது. பலவற்றில் சக்கரத்தின் நிலையைக் குரலில் அறிவிக்கும் கருவிகூட உண்டு. ஆகவே நீங்கள் கண்டது விமானியின் கவனயீனத்துக்கு வலுவான சான்று. அவர் கம்பனியின் ஊழியர் என்றால் கம்பனியும் பொறுப்பு. விசாரணையாளர்களிடம் கட்டாயம் சொல்லுங்கள், ஆனால் அவர்களிடம் கொடுக்கும் வாக்குமூலம் பொதுவாக வெளியே வராது. எனவே நினைவு மங்குமுன் அதையே ஒரு சத்தியக்கடதாசியாக எழுதி, சமாதான நீதவான் முன் ஒப்பமிட்டு வையுங்கள். கூட இருந்தவர்களும் தனித்தனியே எழுதட்டும்.

நீங்கள் விமானம் இறங்கும் பாதையில் நின்றீர்கள் என்று கம்பனி சொல்லக்கூடும். அப்படியே இருந்தாலும் வழக்கு விழாது. உங்கள் பங்கு அளவுக்குத் தொகை குறையும். அன்று யாராவது அறிவித்தல் தந்தார்களா, மிதவைக் குறி ஏதும் போட்டிருந்தார்களா என்பதை எழுதி வையுங்கள்.

தோணி, வலை, வைத்தியச் செலவு, தொழில் இல்லாத மாதங்களின் வருமானம், உடல் வேதனை எல்லாவற்றுக்கும் கேட்கலாம். வருமானத்துக்குச் சங்கத்தின் மீன் கொள்வனவுப் புத்தகத்தைவிட நல்ல சாட்சி கிடையாது. ஒரு விஷயம்: வலை தங்கூசி (ஒற்றை நைலோன் இழையால் பின்னியது) என்றால் அதை உங்கள் சட்டத்தரணியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அது தடைசெய்யப்பட்ட வலை. எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணையில் அதைப் பிடித்தால் உங்கள் மற்றச் சொல்லும் சந்தேகத்துக்குள்ளாகும்.

காசில்லை என்பதற்காக விடவேண்டாம். சட்ட உதவி ஆணைக்குழு வருமானம் குறைந்தவர்களுக்கு வழக்கு நடத்தித் தரும். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, ஆஸ்பத்திரித் துண்டு, தோணிப் பதிவு, உடைந்த தோணியின் படங்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். அந்த ஆங்கிலத் தாளையும் கொண்டுபோங்கள். கம்பனி ஆள் திருப்பிக் கேட்டால், இரண்டு பக்கத்தையும் போனில் படமெடுத்த பிறகு கொடுங்கள்.