தன்பாலீர்ப்பாளருக்குச் சம உரிமை கேட்பது இலங்கை மரபுக்குப் புறம்பானதா?

தன்பாலீர்ப்பாளருக்குச் சம உரிமை என்பது வெளிநாட்டுச் சரக்கு, நம் மரபில் இல்லாதது என்கிறார்களே, உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். வெளியிலிருந்து வந்தது உரிமை அன்று, தடைதான்: ‘இயற்கைக்கு மாறான’ உடலுறவைக் குற்றமாக்கும் 365ஆம் பிரிவு பிரித்தானியர் 1883இல் இயற்றிய தண்டனைச் சட்டக்கோவையைச் சேர்ந்தது. ஆண்களுக்கிடையிலான பாலியல் செயல்களை மட்டும் குற்றமாக்கிய 365அ பிரிவை 1995இல் நீக்காமல், பெண்களுக்கும் விரித்தது மட்டும் நம் சொந்தக் கைவேலை.

மரபு என்றால், ஒல்லாந்தர் துன்புறுத்திய கத்தோலிக்கருக்குக் கண்டி இராச்சியம் இடம் கொடுத்ததும், சிவனொளிபாத மலையில் நான்கு சமயத்தவரும் ஒரே படிகளில் ஏறுவதும் மரபுதான். ஆயினும் இந்தச் சகிப்பை நான் மிகைப்படுத்த மாட்டேன். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியபோது அது நம்மைக் காக்கவில்லை, எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. பிறருடைய பெருந்தன்மையில் வாழ்வதற்கும் சட்டத்தில் எழுதப்பட்ட உரிமையோடு வாழ்வதற்கும் உள்ள வேறுபாட்டை தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் வளர்ந்தவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சுவரோடு சுவர் ஒட்டிய அந்த அறைகளில், அக்கம்பக்கத்தார் கண்டும் காணாமல் இருப்பதே தன்பாலீர்ப்பாளர் பலருக்குக் கிடைக்கும் ஒரே பாதுகாப்பு; அது உரிமையாகாது.

அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சட்டத்தின் முன் யாவரும் சமம் என்கிறது. தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகளைத் திருத்த முன்வைக்கப்பட்ட தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என உயர் நீதிமன்றம் 2023 மே மாதத்தில் தீர்மானித்தது.