குசினிக்குக் கல்லா, போசிலினா?

கேள்வி: பழைய வீட்டைத் திருத்திக் கட்டுகிறோம். குசினி மேடைக்கும் உள்தரைக்கும் கடைக்காரர் போசிலின் ஓட்டையும், மேசன் கிறனைற்றையும் சிபாரிசு செய்கிறார்கள். எனக்கோ வெள்ளை மாபிளில் விருப்பம். எதை எடுப்பது நல்லது?
– வாசகி, கொக்குவில்

பதில்: வெள்ளை மாபிளின் அழகை மறுப்பதற்கில்லை, ஆயினும் குசினிக்கு அதை எடுக்க வேண்டாம் என்றே சொல்வேன். மாபிள், சுண்ணக்கல் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறி உண்டான கல். அதிலுள்ள கல்சியம் காபனேற்று புளிப்பான எதனுடனும் தாக்கமுறும். தேசிக்காய்ச் சாறோ பழப்புளிக் கரைசலோ சிந்திச் சில நிமிடங்கள் கிடந்தால், துடைத்த பின்னும் அந்த இடம் மினுக்கமிழந்து மங்கலாகத் தெரியும். அது கறையன்று, கல்லே அரிபட்ட அடையாளம். எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணற்று நீர் சுண்ணக்கல்லில் ஊறி வருவதால், குழாயடியில் காய்ந்து வெள்ளைப் படிவை விடுகிறது. அதை நீக்க வினாகிரியோ அசிற்றோ ஊற்றித் தேய்ப்பவர் பலர். படிவோடு மாபிளின் மேற்பரப்பும் சேர்ந்தே போய்விடும்.

மேடைக்கு எனது தெரிவு கிறனைற். மோ கடினத்தன்மை அளவுகோலில் (எண் கூடக் கூடக் கடினமும் கூடும்) மாபிள் ஏறக்குறைய 3, கிறனைற் 6 முதல் 7 வரை; புளிக்கும் அது எளிதில் அசையாது, விளிம்பு உடைந்தாலும் தேய்த்து மினுக்கிக்கொள்ளலாம். நுண்துளைகள் உண்டு என்பதே அதன் குறை. கடையில் மாதிரித் துண்டின் மேல் சிறிது தண்ணீர் விட்டுப் பத்து நிமிடங்கள் பாருங்கள். அவ்விடம் கருத்தால் அந்தக் கல்லுக்கு, துளைகளை அடைக்கும் சீலர் பூசியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெயும் மஞ்சளும் உள்ளிறங்கும். கடும் கறுப்பு நிறக் கல்லானால், நகப்பூச்சு நீக்கும் திரவத்தை வெள்ளைத் துணியில் நனைத்து அழுத்தித் துடையுங்கள். துணியில் கறுப்பு ஏறினால் அது சாயம் ஏற்றிய கல்.

தரைக்குப் போசிலினே பொருத்தம். ஏறத்தாழ 1200 பாகை செல்சியசில் சுடப்படும் அந்த ஓடு, நியமப்படி தன் நிறையில் 0.5 வீதத்துக்கு மேல் நீரை உறிஞ்சக் கூடாது, சீலரும் வேண்டியதில்லை. சாதாரண செராமிக் ஓட்டைப் போசிலின் என்று சொல்லி விற்பதும் நடக்கக்கூடியது என்பதால், பூச்சில்லாத பின்புறத்தில் ஒரு துளி நீர் வையுங்கள்: செராமிக் உடனே குடித்துவிடும், போசிலினில் துளி தங்கி நிற்கும். பளபளப்பானது ஈரத்தில் வழுக்கும். குசினித் தரைக்கும் குளியலறைக்கும் மங்கல் பரப்புள்ளதையே எடுங்கள். மேடைக்கும் போசிலின் பலகையே வேண்டுமென்றால், பெரும்பாலானவற்றில் கோலம் மேற்பரப்பில் மட்டுமே அச்சிடப்பட்டிருப்பதால், சட்டி மோதி விளிம்பு சிதறினால் உள்நிறம் வெளியே தெரியும் என்பதை எண்ணிக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது எல்லாப் பெட்டிகளிலும் நிறத் தொகுதி இலக்கம் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். வெட்டுச் சேதத்துக்காகப் பத்து வீதம் கூடுதலாக எடுங்கள். பற்றுச்சீட்டில் பொருளின் வகையையும் தடிப்பையும் எழுதுவித்துக்கொண்டால், வேறு சரக்கு வந்திறங்கும் பட்சத்தில் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் 1977 என்ற இலக்கத்தில் முறையிடும்போது அதுவே உங்கள் சான்றாகும்.