கால்பந்தா, படிப்பா: ஒரு தந்தையின் கேள்விக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

பிளஸ் ஒன் படிக்கும் தங்கள் மகன் படிப்பை நிறுத்திவிட்டுக் கால்பந்து அகாடமியில் சேரப் பிடிவாதம் பிடிப்பதாகவும், சம்மதிப்பதா மறுப்பதா என்று புரியாமல் தவிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். இரண்டையும் செய்யாத ஒரு தந்தையைப் பற்றி முதலில் சொல்கிறேன்.

இங்கிலாந்தின் பிரஸ்டன் நகரில் 1922-ல் பிறந்து, பின்னாளில் அந்நாட்டு அணியின் புகழ்பெற்ற கால்பந்து ஆட்டக்காரரான டாம் ஃபின்னியை, அவருக்குப் பதினான்கு வயதானபோது உள்ளூர் கிளப்பான பிரஸ்டன் நார்த் எண்ட் வேலைக்கு அழைத்தது. பிளம்பர் தொழிலை முழுமையாகக் கற்று முடித்த பின்னரே தொழில்முறை ஆட்டக்காரராகலாம் என்று தந்தை நிபந்தனை விதித்தார். ஆயினும் ஆட்டத்தை அவர் தடுக்கவில்லை. பகலில் குழாய் வேலையும் மாலையில் மைதானப் பயிற்சியுமாக மகன் வளர்ந்து, 1940 ஜனவரியில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். பிறகு ராணுவத்தில் சேர்ந்து எகிப்திலும் இத்தாலியிலும் பணியாற்றியதால், லீக் போட்டியில் அவர் முதன்முதலாக இறங்கியது 1946 ஆகஸ்டில், இருபத்து நான்காவது வயதில்தான். அவருடைய இளமையை விழுங்கியது போரே அன்றி, தந்தையின் நிபந்தனை அன்று.

அந்தத் தொழில் பிற்காலத்தில் எவ்வளவு கைகொடுத்தது என்பதை அன்றைய சம்பளத்தை வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும். எவ்வளவு பெரிய ஆட்டக்காரரானாலும் இவ்வளவுக்கு மேல் தரக்கூடாது என்று கிளப்புகளின் போட்டிகளை நடத்திய லீக் அமைப்பு உச்சவரம்பு வைத்திருந்தது. 1947-ல் அது வாரத்துக்கு 12 பவுண்டு, 1958-ல் 20 பவுண்டு. ஆட்டமில்லாத கோடையில் அதுவும் குறையும். இங்கிலாந்துக்காக 76 ஆட்டங்களில் 30 கோல் அடித்த ஃபின்னி, சகோதரருடன் சேர்ந்து பிளம்பிங் நிறுவனம் நடத்தியபடியேதான் விளையாடினார். 1952-ல் இத்தாலியின் பலெர்மோ கிளப், 10,000 பவுண்டு முன்தொகையும் வீடும் காரும் தருவதாக அழைத்தபோது, பிரஸ்டன் நிர்வாகம் அனுப்ப மறுத்துவிட்டது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆட்டக்காரரைப் பிடித்து வைக்கக் கிளப்புகளுக்கு அதிகாரம் இருந்த காலம் அது. தொடை இடுக்குக் காயத்தால் 1960-ல் அவர் ஓய்வு பெற்றார். மறு ஆண்டு ஜனவரியிலேயே உச்சவரம்பு நீங்கி, ஃபுல்ஹம் கிளப்பின் ஜானி ஹெய்ன்ஸ் வாரம் 100 பவுண்டு வாங்கத் தொடங்கினார். ஃபின்னிக்கு நிறுவனம் கையில் இருந்தது.

ஆகவே, "பந்து உதைத்தால் சோறு கிடைக்காது" என்பதற்குச் சான்றாக இந்தக் கதையை மகனிடம் சொல்லிவிடாதீர்கள். இன்றைய முன்னணி ஆட்டக்காரர்களின் வருமானம் அவருக்கும் தெரியும். உங்கள் பேச்சு அத்துடன் எடுபடாமல் போகும். மாறாதவை காயமும், அணித் தேர்வில் கழித்துக் கட்டப்படும் அபாயமும் மட்டுமே. நான் பார்த்தவரை, "முதலில் டிகிரி, பிறகு பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு, ஷூவைப் பரண்மேல் போட்டுவிடும் பெற்றோரே அதிகம். நிபந்தனை என்ற பெயரில் அது தடைதான். ஃபின்னியின் தந்தை வைத்த நிபந்தனைக்கு ஓர் எல்லை இருந்தது, அதுவரை பயிற்சியும் நடந்தது.

பிளஸ் டூ முடியும் வரை படிப்பை விடுவதில்லை, மாலைப் பயிற்சியை நீங்களும் நிறுத்துவதில்லை என்று இருவரும் உடன்படுங்கள். அதன்பின் சேரும் படிப்பு பொறியியலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, ஐ.டி.ஐ., டிப்ளமோ, பிசியோதெரபி என எதுவானாலும், அவரே விரும்பிச் செய்யக்கூடியதாக இருந்தால் போதும். உடல்வாகு போதவில்லை என்று பயிற்சியாளர் சொன்னால் அதையும் முடிவாகக் கொள்ள வேண்டாம். பதினான்கு வயதில் ஃபின்னியும் மிகச் சிறிய உருவம் கொண்டவர்தான். அகாடமிக்குப் பணம் கட்டுமுன் நேரில் சென்று, அங்கே தங்கும் பையன்கள் எந்தப் பள்ளிக்குப் போகிறார்கள், காயம்பட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது, இடையில் விலக்கப்பட்டவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். மகனையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அந்தப் பதில்களை அவர் தம் காதாலேயே கேட்கட்டும்.