உடம்பு வழியாக சிக்னல் அனுப்பும் துறை: மகளை நம்பி அனுப்பலாமா?

சார், உடம்பு வழியாகவே சென்சார்கள் பேசிக்கொள்கிற துறைக்குத்தான் போவேன் என்று மகள் ஒற்றைக்காலில் நிற்கிறாள், ஷாக் அடிக்காதா, இதற்கெல்லாம் வேலை எங்கே இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். ஷாக் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம், அதுதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று தெரிகிறது.

1990களின் நடுவில் அமெரிக்காவின் எம்ஐடியில் தாமஸ் ஜிம்மர்மன் என்ற ஆராய்ச்சியாளர் இதைச் செய்துகாட்டியபோது உடம்பில் ஓடிய மின்னோட்டம் பிக்கோ ஆம்பியர் அளவு, அதாவது ஓர் ஆம்பியரை லட்சம் கோடியாகப் பிரித்தால் வருகிற துணுக்குகள் சில. இன்றைய கருவிகளில் அது கூடலாம், ஆனாலும் பேட்டரியில் ஓடும் மிகச் சிறிய மின்னோட்டம்தான், அதுவும் நரம்பும் தசையும் கண்டுகொள்ளாத அளவுக்கு வேகமாகத் துடிக்கிறது. மருத்துவக் கருவிகளுக்கான ஐஇசி 60601 என்ற சர்வதேசத் தரம் நோயாளி உடம்பில் எவ்வளவு கசியலாம் என்று மைக்ரோ ஆம்பியர் கணக்கில் கட்டிப்போட்டிருக்கிறது. இதயத்தை நேரடியாகத் தொடும் கருவிக்கு, சாதாரண நிலையில், 10 மைக்ரோ ஆம்பியர்தான் வரம்பு. ஆய்வகத்தில் மனிதர்கள் மேல் சோதனை செய்ய நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வாங்க வேண்டும். ஆகவே அந்தப் பயத்தை விடுங்கள்.

வேலை விஷயம் அவ்வளவு சுலபமில்லை.

உடம்பு வழியாக சிக்னல் அனுப்புவது நல்ல யோசனைதான். புளூடூத் ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உடம்பிலுள்ள தண்ணீர் நன்றாகவே உறிஞ்சிவிடும், போனை ஒரு பக்க பாக்கெட்டில் போட்டுவிட்டு மறுபக்கக் காதில் பாட்டு கேட்டால் சில சமயம் திக்குவது அதனால்தான். ஒரு மெகாஹெர்ட்ஸ் பக்கம் இறங்கினால் அலைநீளம் 300 மீட்டர், அவ்வளவு நீள அலைக்கு மனித உடம்பு ஆன்டெனாவாக வேலை செய்யாது, வெறும் கம்பி மாதிரி கடத்தும். சிக்னல் வெளியே பரவாமல் உடம்போடு ஒட்டியே ஓடுவதால் பேட்டரியும் மிச்சம், ஒட்டுக்கேட்பதும் கஷ்டம். பர்டூ பல்கலைக்கழகத்தில் ஷ்ரேயாஸ் சென் குழு 2019-ல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 15 சென்டிமீட்டர் தள்ளிப்போனாலே அந்த சிக்னலைப் பிடிக்க முடியவில்லை, புளூடூத் மாதிரியான ரேடியோவையோ 5 மீட்டருக்கு அப்பாலும் பிடிக்க முடிந்தது.

சரி, இவ்வளவு நல்லது என்றால் ஏன் எல்லோர் கையிலும் இல்லை? 1996-ல் ஐபிஎம் ஒரு கண்காட்சியில், கைகுலுக்கினாலே விசிட்டிங் கார்டு விவரம் அடுத்தவருக்குப் போய்ச்சேருவதைக் காட்டியது. 2005-ல் ஜப்பானின் தொலைத்தொடர்பு நிறுவனமான என்டிடி, ரெட்டாக்டான் என்ற பெயரில் இதே மாதிரி ஒன்றை அறிவித்தது. உடம்பில் அணியும் கருவிகளின் கம்பியில்லாத் தொடர்புக்காக 2012-ல் வந்த ஐஇஇஇ 802.15.6 தரத்தில் உடம்பு வழித் தொடர்புக்கென்றே 21 மெகாஹெர்ட்ஸில் தனி இடமும் ஒதுக்கினார்கள். இத்தனைக்கும் பிறகு கடையில் கிடைக்கும் கடிகாரமும் மோதிரமும் பெரும்பாலும் புளூடூத்தில்தான் பேசுகின்றன. விழுங்கிய மாத்திரைக்குள் இருந்து உடம்பு வழியாக ஒட்டுப்பட்டைக்குத் தகவல் அனுப்பிய புரோட்டியஸ் நிறுவனத்தின் தொழில்நுட்பம் 2017-ல் அமெரிக்காவில் ஒரு மனநல மருந்தோடு சேர்ந்து அனுமதி பெற்றது. 2020-ல் நிறுவனம் திவால்.

ஆனால் இதையும் கேளுங்கள். அபாட் நிறுவனத்தின் அவெய்ர் டிஆர் என்று கம்பியில்லா பேஸ்மேக்கர் ஒன்று உண்டு, இதயத்தின் மேலறையில் ஒன்றும் கீழறையில் ஒன்றுமாக இரண்டு குட்டிக் கருவிகள், ஒவ்வொரு துடிப்புக்கும் இரண்டும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டுதான் இயங்க வேண்டும், அந்தப் பேச்சு நடப்பது ரத்தத்தின் வழியாக, சின்னச் சின்ன மின் துடிப்புகளாக. 2023-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. காதில் மாட்டும் கருவியை விட இப்படி உடம்புக்குள் வைக்கும் கருவிகளில்தான் இந்தத் துறைக்கு நிஜமான தேவை இருக்கிறது என்பது என் கணிப்பு.

அதனால் நான் சொல்வது, இந்தப் பெயர் போட்ட படிப்பைத் தேடி அலைய வேண்டாம். எலக்ட்ரானிக்ஸ் எடுக்கட்டும், அதில் அனலாக் சர்க்யூட், மின்காந்தவியல், சிக்னல் பிராசஸிங் மூன்றையும் பயப்படாமல் படிக்கட்டும், உடலியலில் ஒரு பாடம் கூடச் சேர்த்துக்கொள்ளட்டும். பயோமெடிக்கலில்தான் இடம் கிடைத்தது என்றாலும் கவலையில்லை, சர்க்யூட் பாடங்கள் ஆழமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், சில இடங்களில் மேலோட்டமாக முடித்துவிடுவார்கள். இந்த அடித்தளம் இருந்தால் சிப் வடிவமைப்பு, மருத்துவக் கருவி, செவிப்புலன் கருவி, அணியும் கருவிகள் என்று எங்கேயும் போகலாம், உடம்பு வழி சிக்னல் இறுதியாண்டு புராஜெக்டாக இருக்கட்டும், பிடித்திருந்தால் மேற்படிப்பில் தொடரலாம்.

அந்த புராஜெக்ட் பற்றி மகளிடம் ஒன்று சொல்லிவையுங்கள், நேர்காணலில் கை கொடுக்கும். ஒரு கையில் சிக்னலை உண்டாக்கும் சிக்னல் ஜெனரேட்டர், மறு கையில் அதைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப் என்று இரண்டையும் சுவர் பிளக்கில் செருகி அளந்தால் ரிசல்ட் பிரமாதமாக வரும். அது பொய். இரண்டு கருவிக்கும் எர்த் வயர் பொது, சிக்னல் திரும்பி வர அந்த வயரே சுலபமான வழியாகிவிடும். நிஜத்தில் கையில் கட்டிய குட்டிக் கருவிக்கு எர்த் ஏது? காற்றைத் தாண்டி உண்டாகும் மெல்லிய மின் இணைப்பு, அதாவது மிகச் சிறிய மின்தேக்குத்திறன் வழியாகத்தான் அது திரும்பியாக வேண்டும், அதனால் சிக்னல் பல மடங்கு பலவீனமாகத்தான் வந்து சேரும். இரண்டு பக்கமும் பேட்டரியில் ஓடும் சிறிய போர்டுகளை வைத்து அளப்பதுதான் முறை. இதைத் தானே கண்டுபிடித்துச் சரிசெய்த மாணவியை நேர்காணல் எடுப்பவர் நழுவவிடமாட்டார்.

இன்னொன்று, பணம் கட்டுவதற்கு முன் அவளிடம் ஒரு கேள்வி போட்டுப் பாருங்கள். இசிஜி எடுக்கும் கடிகாரம் ஏன் மறு கையின் விரலையும் அதன் மேல் வைக்கச் சொல்கிறது? ஒரு கையில் மட்டும் தொட்டால் ஏன் போதாது? அவளுக்கு இப்போதே விடை தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். இரண்டு கைக்கும் நடுவில் இதயம் இருக்கிறது என்பதில் தொடங்கி, தாளில் படம் போட்டு, உங்களைப் பிடித்து உட்காரவைத்து விளக்கினாள் என்றால் தயங்காமல் சேர்த்துவிடுங்கள். கடிகாரத்தின் ஆப் மட்டும்தான் அவளுக்குப் பிடித்திருக்கிறது என்று தெரிந்தால் மென்பொருள் பக்கம் பேசலாம், அதிலும் தவறில்லை, அப்போது எனக்கு மறுபடி எழுதுங்கள்.